குருத்து எங்கே இருக்கிறது? பயிர் வளரும் இடத்தைத் தெரிந்துகொள்வோம்

தென்னைக்குக் கொண்டை போனால் மரம் போச்சு. வாழையைத் தரைக்கு ஒரு சாண் மேலே அறுத்துப் போட்டாலும், மறுநாள் காலையில் நடுவிலிருந்து பச்சையாக ஒரு சுருள் எட்டிப் பார்க்கும். இளம் நெல்லை ஆடு கடித்துவிட்டுப் போனால் சில நாளில் மீண்டு வந்துவிடும். அதே ஆடு கதிர் பொதியில் இருக்கும்போது புகுந்தால் அந்தத் தூர் அவ்வளவுதான். மாமரத்தில் கிளையை வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். அடிமரத்தில் சுற்றிவரப் பட்டையை உரித்துவிட்டால், மேலே ஒரு இலையைக்கூடத் தொடாமலேயே மரம் காய்ந்துபோகும்.

இதெல்லாம் நமக்குப் புதிதில்லை. ஆனால் ஏன் ஒவ்வொரு பயிருக்கும் ஒவ்வொரு நியாயம்? நாலு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். செடியின் உடம்பில் எல்லா இடத்திலும் செல் பிரிவதில்லை. குறிப்பிட்ட சில இடங்களில்தான் பிரிகிறது. அந்த இடம் பயிருக்குப் பயிர் மாறுகிறது.

பயிற்சிகளில் செல் பிரிதல் என்று பேச்செடுத்தாலே இளவட்டங்கள் சிரிப்பார்கள். "அதெல்லாம் பத்தாம் வகுப்போட முடிஞ்சு போச்சே அண்ணே, வயலுக்கு எதுக்கு?" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: "தண்ணி, எரு, மூடாக்கு, அமுதக்கரைசல்னு இவ்வளவு பாடுபடறோமே தம்பி, இதெல்லாம் கடைசியில எங்க போய்ச் சேருது?" பெரும்பங்கு போய்ச் சேர்வது பிரிந்துகொண்டிருக்கும் அந்தச் சின்ன இடங்களுக்குத்தான். அந்த இடம் தெரிந்தவருக்குப் பாதி வைத்தியம் தெரிந்த மாதிரி.

செல் ஏன் பிரிய வேண்டும்?

ஒரே செல் பெரிதாகிக்கொண்டே போகக் கூடாதா? ஆல் மரம் முழுக்க ஒரே செல்லாக இருந்தால் என்ன?

ஜீவாமிர்தம் கலக்கும்போது என்ன செய்கிறோம்? வெல்லத்தை அச்சோடு முழுசாகப் போட்டால் கரைய நேரமாகும் என்று நுணுக்கிப் போடுகிறோம். வெல்லம் அதே அளவுதான். நுணுக்கும்போது தண்ணீர் படுகிற மேற்பரப்பு கூடுகிறது. இதைத் திருப்பிப் பாருங்கள். ஒரு கட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரண்டு மடங்காக்கினால் உள்ளே இருக்கும் சரக்கு 8 மடங்காகிறது. மேற்பரப்போ 4 மடங்குதான் ஆகிறது. செல்லுக்கும் இதே கணக்குதான். தண்ணீர், சத்து, காற்று எல்லாம் அதன் மேல்படலம் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், கழிவு வெளியே வர வேண்டும். செல் பெருக்கப் பெருக்க உள்ளே சாப்பிடும் வாய் கூடுகிறது. கதவு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. அதனால் ஓர் அளவுக்கு மேல் போனால் இரண்டாகப் பிரிந்துகொள்வதே அதற்கு நல்லது.

இன்னொரு காரணம் வேலைப் பங்கீடு. வேருக்கு ஒரு வேலை, இலைக்கு ஒரு வேலை, பூவுக்கு ஒரு வேலை. பல செல்கள் இருந்தால்தான் பல வேலை நடக்கும். பழுதான இடத்தை மூடவும் புதுச் செல் வேண்டும்.

சரி, புதுச் செல் எங்கிருந்து வருகிறது? ஒரு காலத்தில் அழுகலிலிருந்து தானாகப் புழு உண்டாகும் என்று நம்பினார்கள். ஜெர்மனி மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ 1855-இல் அழுத்திச் சொன்னார்: செல்லிலிருந்துதான் செல் வரும், வேறு வழியே இல்லை என்று. உங்கள் வயலில் இன்று நிற்கும் ஒவ்வொரு நெல்லின் ஒவ்வொரு செல்லும், நம் முப்பாட்டன் பாட்டி பொறுக்கி வைத்த விதைநெல்லின் செல்லிலிருந்து ஒருநாளும் அறுபடாமல் பிரிந்து பிரிந்து வந்ததுதான். விதையைக் காப்பாற்று என்று நாம் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய சங்கிலி இருக்கிறது.

எப்படிப் பிரிகிறது?

அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் ஆளுக்குப் பாதி நிலம் போகும். செல் பாகம் பிரிக்கிற விதம் அப்படியில்லை. முதலில் பத்திரத்தை முழுசாக நகல் எடுக்கிறது. பிறகு அசலும் நகலுமாக ஆளுக்கு ஒரு முழுப் பத்திரம் கொடுக்கிறது.

அந்தப் பத்திரம்தான் டி.என்.ஏ. அது சுருட்டிக் கட்டிய கட்டுகளாக, குரோமோசோம்களாக, செல்லின் உட்கருவில் இருக்கிறது. நெல்லுக்கு 24, வெங்காயத்துக்கு 16, தென்னைக்கு 32, நமக்கு 46. நெல் செல் ஒன்று பிரிய வேண்டுமானால் 24 கட்டுகளையும் ஒன்றுவிடாமல் நகல் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு செல்லின் இரண்டு முனைகளிலிருந்தும் மெல்லிய புரதக் கயிறுகள் நீளுகின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை இந்தப் பக்கக் கயிறும் மற்றதை அந்தப் பக்கக் கயிறும் பிடிக்கின்றன. எல்லாம் நடுவில் வரிசை கட்டி நின்ற பிறகு இழுப்பு. 24 இந்தப் பக்கம், 24 அந்தப் பக்கம். அப்புறம் செடியில் நடுவே ஒரு சுவர் எழும்பி, இரண்டு வீடாகிவிடும். வெங்காய வேர்நுனியில் இந்த முழு வேலைக்கும் சுமார் ஒரு நாள் ஆகிறது. அதில் பெரும்பகுதி நேரம் நகல் எடுப்பதற்கும் சத்து சேர்ப்பதற்கும்தான். இழுத்துப் பிரிப்பது சீக்கிரம் முடிந்துவிடும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், செல்லின் நிதானம். நகல் சரியாக எடுத்தாச்சா, பிழை இருக்கா, எல்லாக் கயிறும் மாட்டியாச்சா என்று அங்கங்கே நின்று பார்க்கிறது. சரியில்லையென்றால் பிரிவதை நிறுத்தி வைக்கிறது. இந்த முடுக்கியையும் தடையையும் கண்டறிந்ததற்காக லீலண்ட் ஹார்ட்வெல், டிம் ஹன்ட், பால் நர்ஸ் ஆகிய மூவருக்கு 2001-இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். ஹார்ட்வெல் ஆராய்ந்தது ரொட்டி செய்யும் ஈஸ்ட். நர்ஸ் ஆராய்ந்த ஈஸ்ட், முதன்முதலில் கிழக்கு ஆப்பிரிக்காவின் சிறுதானியக் கள்ளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இனம். ஈஸ்ட்டில் உள்ள அதே முடுக்கி நம் உடம்பிலும் இருக்கிறது, நெல்லிலும் இருக்கிறது. தடை கெட்டுப்போய் நிற்காமல் பிரிவதைத்தான் மனிதருக்கு வந்தால் புற்றுநோய் என்கிறோம்.

உணவு, தண்ணீர், வெப்பம், அடுத்த செல்லிலிருந்து வரும் சேதி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் செல் பிரிய முடிவு செய்கிறது. அதை யாரும் அதட்டிப் பிரியவைக்க முடியாது. சூழலை அமைத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

பிரிவது வேறு, பெருப்பது வேறு

வேலியோரப் பூவரசில் இடுப்பு உயரத்தில் ஓர் ஆணி அடித்து வையுங்கள். பத்து வருஷம் கழித்தும் அந்த ஆணி இடுப்பு உயரத்தில்தான் இருக்கும். மரம் பருத்திருக்கும், மேலே உயர்ந்திருக்கும். ஆணி மேலே போகாது. ஏனென்றால் மரம் உயர்வது நுனியில் மட்டும்.

வேரிலும் இப்படித்தான். ஒரு மொச்சையை முளைக்கட்டி, வேர் ஒரு விரற்கடை நீண்டதும் மையால் சம இடைவெளியில் கோடு போட்டு ஈரத்துணியில் வையுங்கள். மறுநாள் பார்த்தால் நுனியை ஒட்டிய கோடுகள் மட்டும் விலகியிருக்கும், மேலே உள்ளவை போட்டது போட்டபடி. நுனியில் செல் பிரிகிறது. அதற்குச் சற்றுப் பின்னால் அந்தப் புதுச் செல்கள் தண்ணீர் குடித்து நீளுகின்றன. பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பார்க்க நல்ல சோதனை இது.

ஆக வளர்ச்சி என்பது இரண்டு வேலை. பிரிவது எண்ணிக்கை, நீள்வது பருமன். அறுத்த வாழையில் ஒரே இரவில் சுருள் எழும்புவது புதுச் செல்லால் அல்ல, முன்பே பிரிந்து தயாராக இருந்த செல்கள் நீள்வதால். யூரியா போட்ட வயல் நாலு நாளில் கருகருவென்று மாறுவதைப் பார்த்து அசந்துவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான். தழைச்சத்து அளவுக்கு மிஞ்சினால் இலை மெத்தென்று ஊதி நிற்கும். புகையானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் அது விருந்து. பிரிதலுக்குத் தழைச்சத்தும் வேண்டும், டி.என்.ஏ. எழுத மணிச்சத்தும் வேண்டும், சுவர் கட்டச் சுண்ணாம்பும் போரானும் வேண்டும். கடைசி இரண்டும் பழைய இலையிலிருந்து புதுக் குருத்துக்கு எளிதில் நகராதவை. அதனால் பற்றாக்குறை முதலில் குருத்தில்தான் தெரியும். அடி இலை மஞ்சளித்தால் ஒரு காரணம், குருத்து கோணினால் வேறு காரணம் என்று பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

நெல்: சேற்றுக்குள் ஒளிந்திருக்கும் நுனி

இளம் நெல்லின் வளரும் நுனி தூரின் அடியில், மண் மட்டத்தை ஒட்டி இருக்கிறது. நாம் மேலே பார்ப்பது வெறும் இலையும் இலையுறையும்தான். ஆடு கடித்தாலும் மீண்டு வருவது இதனால்தான். அந்த அடிக்கணுக்களில் ஒவ்வொன்றிலும் ஒரு மொட்டு தூங்குகிறது. அது விழித்துப் பிரியத் தொடங்கினால் ஒரு தூர்.

நாலாவது இலை வரும் சமயத்தில் முதல் தூருக்கான மொட்டு கிளம்பப் பார்க்கும். ஒற்றை நாற்று நடவில் 14 நாள் நாற்றைப் பிடுங்கி நடச் சொல்வதன் கணக்கு இது. மொட்டு விழிப்பதற்கு முன்பே வேர் பதிந்துவிட்டால் தூர் வெடிப்பு தடைபடாது. 30 நாள் நாற்றை வேர் அறுத்துப் பிடுங்கும்போது, பிரிந்துகொண்டிருந்த நுனிகளையும் சேர்த்து அறுக்கிறோம். அது மீளும் நாட்களில் சில கணுக்களின் வாய்ப்பு கைவிட்டுப் போகிறது. ஆழமாக நட்டாலும் இதே கதை. "மேலாக்க நடுங்கத்தா" என்று நடவுப் பெண்களிடம் கெஞ்சுவது சும்மா இல்லை.

பிறகு ஒருநாள், பூப்பதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னால், அடியில் இருக்கும் அந்த நுனி இலை செய்வதை நிறுத்திவிட்டுக் கதிர் செய்யத் தொடங்குகிறது. எத்தனை மணி என்பது பெரும்பாலும் அப்போதே முடிவாகிவிடும். அதன் பிறகு தண்டு நீண்டு நுனியை மேலே தூக்கும். இனி ஆடு கடித்தால் நுனியே போய்விடும்.

அடுத்து வருவதுதான் நெஞ்சு படபடக்கிற கட்டம். கதிர் வெளியே தலைகாட்டுவதற்கு 10 முதல் 14 நாள் முன்பு, பொதிக்குள்ளே மகரந்தம் உருவாகிறது. இங்கே நடப்பது வேறு மாதிரிப் பிரிதல். 24 குரோமோசோம் 12 ஆகக் குறைகிறது. ஆண் பக்கம் 12, பெண் பக்கம் 12, இரண்டும் சேர்ந்து அடுத்த தலைமுறைக்கு மறுபடி 24. இந்தக் குறைப்புப் பிரிதல் ரொம்பவும் நுணுக்கமானது. இந்தச் சமயத்தில் வயல் காய்ந்தாலோ கடுங்குளிர் அடித்தாலோ மகரந்தம் மலடாகிவிடும். பயிர் வெளிப்பார்வைக்குப் பச்சையாகத்தான் நிற்கும். கதிர் வந்த பிறகுதான் பதர் தெரியும். அப்போது தண்ணீர் விட்டு என்ன பயன்? கடைமடையில் முறை வைத்துத் தண்ணீர் வாங்குகிறவர்கள், ஒரே ஒரு முறைக்குத்தான் தண்ணீர் உண்டு என்றால் அதை எதற்கு வைத்துக்கொள்வது என்று கேட்டால், என் பதில் பொதிப்பருவம் முதல் பூப்பு வரை என்பதுதான்.

வாழை: விதையில்லாத கணக்கு

வாழையில் நாம் மரம் என்று சொல்வது இலை மட்டைகளின் சுருட்டல். நிஜத் தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. வளரும் நுனி அதன் நடுவில் இருக்கிறது. குலை தள்ளும் காலத்தில்தான் அது மேலே ஏறும். அதனால், குலை தள்ளாத வாழை காற்றில் முறிந்தால் அவசரப்பட்டுப் பெயர்க்க வேண்டாம். கிழங்கு அசையாமல் இருந்தால் மறுபடி வரும். குலை ஏறிய மரம் முறிந்தால் அதன் கதை முடிந்தது. கன்றைப் பார்க்க வேண்டியதுதான். பக்கக் கன்றை மேலோடு அறுத்தால் அடங்காததும் இதனால்தான். கடப்பாரையால் நடுக்குருத்தைக் கிண்டி எடுத்தால்தான் நிற்கும். மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டிய அவசியம் இல்லை.

பூவன், ரஸ்தாளி, மொந்தன், நேந்திரன், கற்பூரவள்ளி எல்லாவற்றிலும் குரோமோசோம் 33. காட்டு வாழைக்கு 22. அதைப் பாதியாக்கினால் 11 வரும், விதையும் வரும். 33-ஐ எப்படிச் சரிபாதி ஆக்குவது? ஆக்க முடியாது. அதனால்தான் நம் வாழைக்கு விதை இல்லை. கிழங்குச் செல் பிரிந்து வரும் கன்று ஒன்றே வழி. ஒரு தோட்டத்து ரஸ்தாளி எல்லாம் ஒரே செடியின் நகல் என்பதால் வாடல் நோய் வந்தால் எல்லாம் சேர்ந்தே விழுகிறது. கன்று வாங்கும்போது தாய்த் தோட்டத்தைப் போய்ப் பார்த்து வாங்குங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதற்காகத்தான்.

தென்னை: ஒரே ஒரு குருத்து

தென்னை உயர்வதற்கு உள்ள இடம் ஒன்றே ஒன்று. கொண்டைக்குள் இருக்கும் குருத்து. கிளை கிடையாது, தூங்கும் பக்க மொட்டு கிடையாது. பட்டைக்கடியில் பிரியும் படலமும் கிடையாது. அதனால் தண்டில் பட்ட காயம் மூடுவதில்லை, வெட்டிய படி ஆயுசுக்கும் அப்படியே இருக்கும். காண்டாமிருக வண்டு விரியாத குருத்தோலையைத் துளைக்கும்போது ஓலை வெட்டுப்பட்டு வருகிறது, மரம் தப்பிக்கிறது. சிவப்புக் கூன்வண்டின் புழு குருத்தையே தின்றுவிட்டால் மரம் தப்பாது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறியது. எங்கள் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் லட்சக்கணக்கான தென்னைகள் போயின. விழுந்த மரத்தைப் பற்றிக் கேள்வியே இல்லை. நின்ற மரம்தான் எங்களைத் தூங்கவிடவில்லை. கொண்டை முறுக்கி, ஓலை எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஆனால் பச்சையாக நின்றன. "பச்சை இருக்குல்ல, பொழைச்சுக்கும்" என்றார் பெரியப்பா. "எல்லாத்தையும் தள்ளிட்டு சவுக்கு போட்டுடலாம், மெஷின் ஊருக்குள்ள நிக்கிறப்பவே வேலையை முடிச்சிடணும்" என்றார்கள் பக்கத்துத் தோப்புக்காரர்கள். இரண்டு பேச்சிலும் ஆபத்து இருந்தது. பச்சை ஓலை எதையும் சொல்லாது. குருத்து செத்த பிறகும் இருக்கிற ஓலை சில வாரம் பச்சையாகவே நிற்கும். அதற்காக எல்லாவற்றையும் தள்ளினால், பிழைக்க இருந்த இருபது வருஷ மரமும் சேர்ந்து போகும்.

நாங்கள் செய்தது இதுதான். ஏறத் தெரிந்த ஆளை வைத்து, ஒவ்வொரு மரத்திலும் நடுக்குருத்தோலையையும் அதை ஒட்டிய ஓலையையும் சேர்த்து ஒரே மட்டத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். குருத்தை லேசாக இழுத்துப் பார்த்தோம். கையோடு கழன்று, அடியில் அழுகல் வாடை வந்தால் அந்த மரம் போய்விட்டது. அதை உடனே அப்புறப்படுத்தாவிட்டால் கூன்வண்டு கூடிவிடும். இழுப்புக்கு அசையாமல் நின்றதை விட்டுவைத்தோம். சில வாரம் கழித்துப் பார்த்தபோது, குருத்தின் கோடு பக்கத்து ஓலையின் கோட்டைத் தாண்டி மேலே வந்திருந்த மரங்களை வைத்துக்கொண்டோம். பெரியப்பா கீழே நின்று ஒவ்வொன்றுக்கும் "ஏறியிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஏறியிருந்த மரங்களில் பல இன்று காய்க்கின்றன.

காய்க்கின்றன என்று எழுதிவிட்டேன். ஆனால் உடனே காய்க்கவில்லை. தென்னையில் ஒரு பாளைக்கான முதல் செல்கள் குருத்துக்குள் பிரியத் தொடங்கி, அது பாளையாக வெடித்து, பூத்து, தேங்காயாக முற்ற ஏறக்குறைய 44 மாதங்கள் ஆகும் என்பார்கள். இன்றைக்கு நாம் விடுகிற தண்ணீர், போடுகிற எரு மூன்றரை வருஷம் கழித்துக் காய்க்கப் போகும் பாளைக்கும் போகிறது. இந்த வருஷம் காய்ப்பு இல்லையே என்று தென்னையைப் பட்டினி போடுகிறவர், பின்னால் வரப்போகும் வருஷத்தின் காய்ப்பையும் சேர்த்து வெட்டுகிறார்.

தென்னையில் இன்னோர் அதிசயம் இளநீர். சாதாரணமாகச் செல் பிரிந்தால் நடுவில் சுவர் எழும்பும் என்றேன். இளந் தேங்காய்க்குள் உட்கருக்கள் மட்டும் பிரிந்து பிரிந்து, சுவர் எழும்பாமல் நீரிலேயே மிதக்கின்றன. பிறகு ஓரத்திலிருந்து சுவர் எழும்பத் தொடங்குகிறது. அதுதான் வழுக்கை. சுவர் கெட்டிப்பட்டால் பருப்பு. நாம் குடிப்பது, வீடு கட்டாமல் பிரிந்துகொண்டிருக்கும் ஒரு தொழிற்சாலையின் நீர். பிரிதலைத் தூண்டும் பொருட்கள் அதில் இருக்கின்றன. 1941-இல் வான் ஓவர்பீக் என்பவரும் அவரது கூட்டாளிகளும் ஊமத்தையின் இளங்கருவை இதில் வளர்த்துக் காட்டினார்கள். 1958-இல் அமெரிக்காவில் ஸ்டீவர்ட், கேரட் வேரின் செல்களை இளநீர் கலந்த கரைசலில் வளர்த்து, அவற்றிலிருந்து முழுக் கேரட் செடிகளையே உருவாக்கினார். பஞ்சகவ்யத்தில் இளநீர் சேர்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

மா, கொய்யா, எலுமிச்சை: பட்டைக்கடியில்

மாமரத்துக்கு நுனியும் உண்டு, ஒவ்வொரு இலைக்கணக்கிலும் தூங்கும் மொட்டும் உண்டு. அதுபோக, பட்டைக்கும் கட்டைக்கும் இடையே பிரியும் செல்களால் ஆன ஒரு மெல்லிய படலம் அடி முதல் கிளை வரை சட்டை மாதிரிப் போர்த்தியிருக்கிறது. மரம் பருப்பது அதனால். காயம் மூடுவதும் அதனால்.

ஒட்டுக் கட்டுகிறவர் செய்வது இந்தப் படலத்தையும் அந்தப் படலத்தையும் தொடவைப்பதுதான். கத்தி கூராக இருக்க வேண்டும், இறுக்கிக் கட்ட வேண்டும், ஈரம் காயக் கூடாது. அப்புறம் இரண்டு பக்கச் செல்களும் பிரிந்து பிரிந்து தாமே கைகோத்துக்கொள்ளும். தென்னைக்கும் பனைக்கும் ஒட்டு கிடையாது என்பதன் காரணம் இப்போது புரியும். தொடவைக்க அங்கே படலமே இல்லை. கொய்யாவில் பதியன் போடும்போது பட்டையை வளையமாக எடுக்கிறோம். மேலிருந்து இறங்கும் உணவும் வளர்ச்சிச் சேதியும் அங்கே தேங்கி, செல்கள் பிரிந்து வேராகின்றன. கன்றுக்குக் காவலாகக் கட்டிய கம்பியைக் கழற்ற மறந்தால், மரம் பருக்கும்போது அது இந்தப் படலத்தையே அறுக்கும். தோட்டத்தைச் சுற்றி வரும்போது அதையும் ஒரு கண் பார்த்து வையுங்கள்.

மண்ணுக்குள் கதவைத் தட்டுகிறவர்கள்

தட்டைப்பயறு வேரில் முடிச்சு இருந்தால் மகிழ்கிறோம். தக்காளி வேரில் முடிச்சு இருந்தால் கவலைப்படுகிறோம். இரண்டும் ஒரே கதவைத் தட்டுகிறவர்களின் வேலை. ரைசோபியம் ஒரு சேதி அனுப்புகிறது. பிரிவதை நிறுத்தியிருந்த வேர்ச்செல்கள் மறுபடி பிரிந்து அதற்கு அறை கட்டிக் கொடுக்கின்றன. அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தந்து வாடகை கொடுக்கிறது. வேர்முடிச்சு நூற்புழுவும் செல்லை ஏமாற்றும். உட்கரு மட்டும் பிரியும், சுவர் எழும்பாது, செல் பூதமாக ஊதும். அதை உறிஞ்சிக்கொண்டு வாடகை தராமல் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் ஊடே செண்டுமல்லி போடச் சொல்கிறோம்.

ஜீவாமிர்தத் தொட்டியிலும் நடப்பது பிரிதல்தான். நல்ல சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி ஒரு நாள் முழுக்கப் போனால் 72 முறை. அப்படிப் போனால் ஊரே கொள்ளாது. போகாததற்குக் காரணம், தொட்டியில் வெல்லமும் பயறுமாவும் தீர்ந்துவிடுவதுதான். தீர்ந்ததும் பெருக்கம் நின்று சாவு தொடங்கும். 48 மணி நேரத்தில் எடு, ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதே என்ற விதி இதிலிருந்து வருகிறது.

பிரிதலை நிறுத்துகிறவை

செல்லுக்குள் இழுக்கும் கயிறுகளைப் பற்றிச் சொன்னேன். அந்தக் கயிறு உருவாகாமல் தடுத்தால் பிரிதல் நின்றுவிடும். கண்வலிக்கிழங்கு எனும் செங்காந்தளில் உள்ள கால்ச்சிசின் அதைத்தான் செய்கிறது. கிழங்கைத் தின்றால் உயிருக்கே ஆபத்து என்பது, குடலிலும் எலும்பு மஜ்ஜையிலும் ஓயாமல் பிரியும் செல்களை அது நிறுத்திவிடுவதால். நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின் அதே வேலையைப் புற்றுச்செல்லில் செய்வதால் மருந்தாகிறது.

விதைநேர்த்திக்கு என்று கடையில் தரும் கார்பென்டசிம், பூஞ்சணத்தின் கயிற்றை முடக்குகிறது. களைக்கொல்லி பென்டிமெத்தலின் முளைக்கும் களையின் வேர்நுனியில் கயிற்றை முடக்குகிறது. பூஞ்சணத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலே கார்பென்டசிம் ஒட்டாமல் போய்விடும். எத்தனை தடவை அடித்தாலும் கேட்கவில்லை என்று புலம்புவது அதனால்தான். மரபணுவையும் வயிற்றுக் கருவையும் பாதிக்கக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் அதை வகைப்படுத்தியிருக்கிறது. விதையில் அதைக் கலக்கும் கை பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்களின் கை. பீஜாமிர்தமும் சூடோமோனாசும் டிரைக்கோடெர்மாவும் இருக்க, அந்தக் கையை ஏன் அதில் விட வேண்டும்?

வயலுக்குப் போகும்போது

நாளைக் காலையில் வயலுக்குப் போகும்போது ஒவ்வொரு பயிரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: உன் குருத்து இப்போது எங்கே இருக்கிறது? நெல்லில் ஒரு தூரைப் பிடுங்கி, தண்டை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். நுனி அடியில் இருக்கிறதா, மேலே ஏறிவிட்டதா என்று தெரியும். அது தெரிந்தால் தண்ணீர் எப்போது என்பது தெரியும். வாழையில் கிழங்கைப் பாருங்கள். தென்னையில் கொண்டையைப் பாருங்கள். வேப்பம்புண்ணாக்கும் மணலும் கலந்து குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் போட்டு வையுங்கள். மரத்தில் பட்டையைப் பாருங்கள்.

செடி தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். அது வேலை செய்யும் இடத்தை மட்டும் நாம் காவல் காத்தால் போதும்.